பழைய மேனிஃபோல்டு, புது இன்ஜெக்‌ஷன்: ஜோடி சேருமா?



வைவாவில் எக்ஸ்டர்னல் சார், "இன்லெட் மேனிஃபோல்டோட வேலை என்னப்பா?" என்று கேட்டால் நாம் எல்லோரும் ஒரே பதிலைத்தான் ஒப்பிப்போம். "கார்பரேட்டரிலிருந்து வரும் கலவையை எல்லா சிலிண்டருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பது சார்." அவரும் தலையாட்டிவிட்டு அடுத்த ரோல் நம்பரைக் கூப்பிட்டுவிடுவார். பதில் தப்பில்லை, ஆனால் பாதிப் பதில்தான். "அந்தக் கலவை எப்படிப் போகிறது? ஆவியாகவா, துளியாகவா, சுவரில் ஈரமாக ஒட்டிக்கொண்டா?" என்று அவர் மடக்கியிருந்தால் நாம் லேப் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்போம். இந்தக் கட்டுரை அந்த மடக்குக் கேள்வியைப் பற்றியதுதான்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். கார்பரேட்டர் புது வண்டிகளை விட்டுப் போய்விட்டது. 2000-இல் மாருதி 800-க்கே எம்.பி.எஃப்.ஐ. வந்தது. 2020 ஏப்ரல் 1-இல் பி.எஸ்.-6 விதிகள் வந்தபின் புது டூவீலர்களிலும் அது ஏறக்குறைய மறைந்தே போனது. ஆனால் பழைய வண்டிகள் போகவில்லையே! அவற்றை ஆசையாக வைத்திருப்பவர்களுக்கு இப்போது ஒரு புதுத் தலைவலி. 2025-இல் நம் நாட்டு பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே அளவு காற்றுக்கு எரிபொருள் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். சுத்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்று படித்தோம். 20 சதவீதக் கலப்பில் அது சுமார் 13.5. கார்பரேட்டர் ஜெட்டில் இருக்கும் ஓட்டைக்கு இதெல்லாம் தெரியுமா? அது பழைய அளவையே விட்டுக்கொண்டிருக்கும். கலவை லீன் ஆகும், இன்ஜின் சூடேறும், ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் தயங்கும். ஜெட்டை மாற்றி ஓரளவு சரிக்கட்டலாம். ஆக்சிஜன் சென்சாரோடு கூடிய இன்ஜெக்‌ஷன் என்றால் புகையை மோந்து பார்த்து அதுவாகவே திருத்திக்கொள்ளும்.

"சரி, அப்படின்னா கார்பரேட்டரைக் கழட்டிட்டு இன்ஜெக்‌ஷனை மாட்டிட வேண்டியதுதானே?" என்று ஒரு கட்சி. "பழைய மேனிஃபோல்டை எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கு" என்று இன்னொரு கட்சி. இரண்டுமே அவசரப் பேச்சு. பழைய மேனிஃபோல்டைப் புரிந்துகொள்ளாமல் எந்த முடிவும் எடுக்க முடியாது.

ஈரமும் உலர்வும்

கார்பரேட்டரிலிருந்து வரும் பெட்ரோல் முழுக்க ஆவி இல்லை. ஒரு பகுதி ஆவி, ஒரு பகுதி துளி, மீதி மேனிஃபோல்டின் சுவரில் வழிந்தோடும் படலம். காற்று லேசானது, வளைவில் சட்டென்று திரும்பிவிடும். துளி கனமானது, நேராகப் போய்ச் சுவரில் மோதும். குளிர்ந்த உலோகத்தில் ஆவி மறுபடி திரவமாகும். நம் கரையோர ஃபைபர் படகுகளில் மண்ணெண்ணெய் அவுட்போர்டு மோட்டாரைப் பார்த்திருப்பீர்கள். முதலில் பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானபிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த இன்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அவ்வளவுதான் காரணம். அதே கதை, கொஞ்சம் லேசான அளவில், பெட்ரோலுக்கும் உண்டு.

அதனால்தான் பழைய டிசைனர்கள் மேனிஃபோல்டின் வயிற்றுக்குச் சூடு காட்டினார்கள். அமெரிக்க வி-8 இன்ஜின்களில் கார்பரேட்டர் உட்காரும் தளத்துக்கு நேர்கீழே எக்ஸாஸ்ட் புகை குறுக்கே ஓட ஒரு வழி வார்த்திருப்பார்கள். நம் அம்பாசடர் பல ஆண்டுகள் சுமந்த 1489 சி.சி. பி.எம்.சி. இன்ஜினில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், ஒன்றோடொன்று ஒட்டியபடி. பார்த்தவுடனே "என்ன டிசைன் இது!" என்று சிரிக்கத் தோன்றும். ஈரக் கலவையைச் சூடாக்க அதுவே வசதி.

ஆக, கார்பரேட்டர் மேனிஃபோல்டு ஈரத்தைச் சுமக்கச் செய்தது. ரன்னரின் குறுக்களவு, வளைவு, உள்ளே விட்டிருக்கும் சொரசொரப்பு, சூட்டு வழி எல்லாம் அதற்காகத்தான். ரன்னரை ரொம்பப் பெரிதாக்கினால் காற்றின் வேகம் குறைந்து துளிகள் கீழே உட்கார்ந்துவிடும் என்ற பயத்திலேயே அதன் அளவை முடிவு செய்தார்கள். மாறாக, ஒவ்வொரு வால்வுக்கும் முன்னால் ஒரு இன்ஜெக்டர் வைத்துவிட்டால் மேனிஃபோல்டு வழியே வருவது வெறும் காற்று. அதற்குச் சூடு வேண்டாம், சொரசொரப்பு வேண்டாம். குளிர்ந்த, அடர்த்தியான காற்றாக வந்தால் இன்னும் நல்லது. பழசையும் புதுசையும் சேர்க்கிற வேலையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: மாற்றியபிறகு மேனிஃபோல்டு ஈரமாகவே இருக்கப்போகிறதா, உலர்ந்துவிடப்போகிறதா?

மசில் கார் சொல்லும் பாடம்

இந்த ஒட்டுவேலை உலகத்திலேயே அதிகம் நடப்பது அமெரிக்காவின் மசில் கார்களில். நடுத்தர அளவு காரில் பெரிய வி-8 இன்ஜினைத் திணித்து, ரோட்டில் விட்டால் பறக்கும் ரகம். 1964-இல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.வில் இருந்து இந்தக் கணக்கைத் தொடங்குவார்கள். அதன் இன்ஜின் 389 கன அங்குலம், அதாவது சுமார் 6.4 லிட்டர். நம் மாருதி 800 இன்ஜின் எட்டை ஒன்றாகச் சேர்த்தால்தான் அது! புகை விதிகளும், இன்ஷூரன்ஸ் கட்டணமும், 1973 எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அந்தக் காலத்தை முடித்து வைத்தன. ஆனால் அந்தக் கார்களும் அவற்றின் அலுமினிய மேனிஃபோல்டுகளும் இன்றும் பொக்கிஷம்.

சும்மா அழகுக்காக இல்லை. அவற்றில் சில அருமையான காற்றியல் வேலைகள் இருக்கின்றன. 1960 கிரைஸ்லர் 300-எஃப் காரில் இரண்டு கார்பரேட்டர்களையும் இன்ஜினுக்கு வெளியே இரண்டு பக்கமும் தள்ளி வைத்து, 30 அங்குல நீளக் குழாய்கள் குறுக்கே ஓடி எதிர்ப்பக்கச் சிலிண்டருக்குப் போகும்படி செய்தார்கள். இன்லெட் வால்வு பட்டென்று மூடும்போது ஓடி வந்த காற்று மோதி ஒரு அழுத்த அலை திரும்பிப் போகும். குழாயின் திறந்த முனையில் பட்டு மறுபடி வால்வை நோக்கி வரும். அது வந்து சேரும் நேரமும் வால்வு திறந்திருக்கும் நேரமும் பொருந்தினால் காசில்லாமல் ஒரு சின்ன சூப்பர்சார்ஜர். நீளக் குழாய்க்கு அலை போய்வர நேரமாகும், அதனால் நடுத்தர வேகத்தில் பலன். குட்டைக் குழாய்க்கு அதிக ஆர்.பி.எம்.மில் பலன். இந்தக் கணக்குக்கு கார்பரேட்டர் இருந்தால் என்ன, இன்ஜெக்டர் இருந்தால் என்ன? காற்றுக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் நல்ல பழைய மேனிஃபோல்டை எடைக்குப் போடக் கூடாது என்கிறேன்.

இன்னொரு பிரிவு, டூயல் பிளேன், சிங்கிள் பிளேன். செவ்ரலே ஸ்மால் பிளாக் வி-8 இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2. ஒவ்வொரு 90 டிகிரிக்கும் ஒரு சிலிண்டர் மூச்சு இழுக்கும். டூயல் பிளேனில் மேனிஃபோல்டு மேல்மாடி, கீழ்மாடி என்று இரண்டு அறை. 1, 4, 6, 7 ஒரு வீடு. 8, 3, 5, 2 இன்னொரு வீடு. ஒன்றுவிட்டு ஒன்று என்பதால் ஒரே அறையில் 180 டிகிரிக்கு ஒருமுறைதான் இழுப்பு. சண்டை இல்லை, குறைந்த வேகத்தில் நல்ல டார்க். சிங்கிள் பிளேனில் எல்லோருக்கும் ஒரே கூடம். அதிக வேகத்தில் காற்று தாராளம், ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் 5-ஆம், 7-ஆம் சிலிண்டர்கள் அடுத்தடுத்து இழுப்பதால் ஒன்றின் பங்கில் மற்றது கை வைக்கும். இந்தத் திருட்டை நினைவில் வையுங்கள். பின்னால் நம் ஊர் வண்டியில் இதைவிடப் பெரிய திருட்டு வருகிறது!

பழைய வி-8 இன்ஜினில் இன்ஜெக்‌ஷன் என்பது இன்று முளைத்த யோசனையும் இல்லை. 1957-லேயே செவ்ரலே ரோசெஸ்டர் கம்பெனியின் மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷனை 283 கன அங்குல இன்ஜினில் போட்டு, 283 ஹெச்.பி. என்று விளம்பரம் செய்தது. கன அங்குலத்துக்கு ஒரு குதிரை! 1965 வரை கார்வெட்டில் அது கிடைத்தது. அடுத்த வருஷமே, 1958-இல், கிரைஸ்லர் கம்பெனி பென்டிக்ஸின் எலெக்ட்ரோஜெக்டர் என்ற மின்னணு இன்ஜெக்‌ஷனைக் கொண்டுவந்தது. அன்றைய எலெக்ட்ரானிக் பாகங்கள் சூட்டையும் அதிர்வையும் தாங்கவில்லை. சில டஜன் கார்களோடு நின்றது. அவற்றிலும் பெரும்பாலானவற்றுக்குத் திருப்பி கார்பரேட்டரே மாட்டினார்கள். அந்த பென்டிக்ஸ் காப்புரிமைகளை ஆதாரமாக வைத்துத்தான் பாஷ் கம்பெனி 1967-இல் டி-ஜெட்ரானிக்கை வெற்றியாக்கியது. யோசனையில் குறை இல்லை. டிரான்சிஸ்டருக்கும், ரிப்பேர் தெரிந்த ஆளுக்கும்தான் அன்று பஞ்சம்.

மூன்று வழிகள், ஒன்று மட்டும் கஷ்டம்

இன்று இதைச் செய்ய சுலபமான வழி, கார்பரேட்டர் இருந்த அதே நான்கு போல்ட்டில் த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷனை உட்கார வைப்பது. ஹாலி, ஃபைடெக் போன்ற கம்பெனிகள் 4 இன்ஜெக்டரும் கம்ப்யூட்டரும் சேர்ந்த ஒற்றை யூனிட்டாகவே விற்கின்றன. எக்ஸாஸ்டில் ஒரு வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார், பெட்ரோலுக்கு ஒரு பம்ப், முடிந்தது. ஓட ஓட அதுவே கற்றுக்கொள்ளும். ஆனால் கவனியுங்கள், மேனிஃபோல்டு இன்னும் ஈரம்தான்! கார்பரேட்டர் காலத்துப் பகிர்வுக் குறைகள் எல்லாம் அப்படியே இருக்கும். சென்சார் எல்லாச் சிலிண்டர் புகையையும் கலந்து சராசரியைத்தான் படிக்கும். ஒன்று ரிச், ஒன்று லீன் என்றால் "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடும். ஆகவே இந்த வழிக்குச் சூட்டு வழியை அடைக்காத நல்ல டூயல் பிளேன் மேனிஃபோல்டுதான் தோது. சிலர் புதுசு மாட்டுகிற சந்தோஷத்தில் சூட்டு வழியையும் அடைத்துவிட்டு, காலையில் வண்டி திக்குகிறது என்று கம்ப்யூட்டரைத் திட்டுவார்கள்.

கஷ்டமான வழி, ஆனால் படித்தவனுக்கு ருசியான வழி, ஒவ்வொரு ரன்னரிலும் துளை போட்டு இன்ஜெக்டர் பொருத்துவது. அலுமினிய மேனிஃபோல்டாக இருந்தால் டிக் வெல்டிங்கில் ஒவ்வொரு ரன்னரின் முதுகிலும் ஒரு பாஸ் வைத்து, சுமார் 14 மில்லிமீட்டர் ஓ-ரிங்குக்கு ஏற்ப போர் செய்ய வேண்டும். கோணம்தான் உயிர். இன்ஜெக்டரின் பீச்சல் எதிர்ச்சுவரில் அடிக்காமல், சூடான இன்லெட் வால்வின் முதுகில் நேராக விழ வேண்டும். வெல்டிங் சூட்டில் ஃபிளேன்ஜ் வளைந்துவிடும் என்பதால் ஒரு கனத்த இரும்புத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கிக்கொண்டு வெல்டு வைக்க வேண்டும். முடிந்தபிறகு ஃபேஸ் மில்லிங். கேஸ்ட் அயர்ன் என்றால் வெல்டிங் விரிசல் விடும், துளையில் திருகி இறுக்கும் புஷ் நல்லது. எதுவானாலும் மேனிஃபோல்டை இன்ஜினில் வைத்துக்கொண்டு டிரில் போடாதீர்கள். ஒரு சில் உள்ளே போனால் வால்வு சீட்டு அவ்வளவுதான்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. பார்வைக்குப் பழைய வெபர் கார்பரேட்டர் மாதிரியே இருக்கும், உள்ளே த்ராட்டிலும் இன்ஜெக்டரும். சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில். பணம் உள்ளவர்கள் சமாசாரம். ஆனால் அதில் ஒரு பாடம் இருக்கிறது. எல்லா ரன்னரும் தனித்தனி என்பதால் பொதுவான வேக்குவம் கிடையாது. ஒரு ரன்னரில் மேப் சென்சாரை மாட்டினால் ஊசி தையல் மெஷின் மாதிரி குதிக்கும். ஒவ்வொரு ரன்னரிலிருந்தும் ஒரு சிறு குழாய் எடுத்து ஒரு சின்ன டப்பாவில் சேர்த்து, அந்த டப்பாவிலிருந்துதான் சென்சாருக்குக் கொடுக்க வேண்டும். அல்லது த்ராட்டில் திறப்பையும் ஆர்.பி.எம்.மையும் மட்டும் வைத்து அளவு சொல்ல வேண்டும்.

இன்ஜெக்டர் சைஸ் கணக்கு பரீட்சைக்கும் உதவும். ஒரு ஹெச்.பி.க்கு ஒரு மணிக்குச் சுமார் 230 கிராம் பெட்ரோல் என்று வையுங்கள். 300 ஹெச்.பி. வி-8 என்றால் 69 கிலோ. நிமிடத்துக்கு 1150 கிராம். அடர்த்தி 0.74 என்று வகுத்தால் சுமார் 1550 சி.சி. எட்டு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் தலைக்கு 194. இன்ஜெக்டரை 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் 0.8-ஆல் வகுக்க, 243 சி.சி. சந்தையில் 250 சி.சி. ரகம் வாங்கினால் போதும். இ-20 பெட்ரோல் என்றால் அதன் மேல் ஒரு பத்து சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

நம்ம ஊர் வி-8 எங்கே?

"எல்லாம் சரி, தூத்துக்குடியில் எவன் பான்டியாக் வைத்திருக்கிறான்?" நியாயமான கேள்வி! இந்தியாவின் மசில் கார் என்று செல்லமாகச் சொல்லப்படுவது 1984-இல் வந்த கான்டெஸா. முதலில் அதன் நீளமான பானட்டுக்குக் கீழே இருந்தது அம்பாசடரின் அதே 1489 சி.சி. இன்ஜின்தான், சிரிக்காதீர்கள். பின்னால் இசுசு 1.8 லிட்டர் வந்தது. அதே இசுசு அம்பாசடருக்கும் வந்து, பிறகு எம்.பி.எஃப்.ஐ. ஆகவும் ஆனது. அது கம்பெனி செய்த வேலை. நமக்குச் சவால், அந்தப் பழைய 1489-தான்.

அதன் ஹெட்டைக் கழட்டியவர்களுக்குத் தெரியும். நான்கு சிலிண்டர், ஆனால் இன்லெட் துளை இரண்டே இரண்டு. 1-ம் 2-ம் ஒரு துளையில், 3-ம் 4-ம் ஒரு துளையில். சயாமீஸ் போர்ட் என்பார்கள். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. தாளில் எழுதிப் பாருங்கள். முதல் துளையில் 2 இழுத்து முடித்ததும் உடனே 1 இழுக்கும், பிறகு நீண்ட ஓய்வு. இரண்டாவது துளையில் 3 இழுத்ததும் 4, பிறகு ஓய்வு. ஓய்வு நேரத்தில் இன்ஜெக்டர் பீச்சிய பெட்ரோல் எல்லாம் துளை வாயில் தேங்கி நிற்கும். முதலில் வருகிற 2-ம் 3-ம் அதை வாரிக்கொண்டு போகும். பின்னால் வருகிற 1-க்கும் 4-க்கும் காற்று மட்டும் தாராளம். நடு இரண்டும் ரிச், ஓரம் இரண்டும் லீன். கார்பரேட்டர் காலத்தில் கலவை மேலிருந்தே கலந்து வந்ததால் இது அவ்வளவு தெரியவில்லை. இன்ஜெக்டரை வால்வுக்குப் பக்கத்தில் கொண்டு வந்தால்தான் வம்பு!

இதைத் தீர்த்துக் காட்டியது இங்கிலாந்தின் மினி. அதன் ஏ-சீரிஸ் இன்ஜின் நம்முடையதன் தம்பி, அதே சயாமீஸ் துளைகள். 1991-இல் மினி கூப்பருக்கு முதலில் ஒற்றை இன்ஜெக்டரை கார்பரேட்டர் இடத்தில் வைத்தார்கள். 1996-இல்தான் துளைக்கு ஒன்று என்று இரண்டு இன்ஜெக்டர் வந்தது. அதில் பெட்ரோலை எப்போது பீச்சுவது என்பதைக் கேம்ஷாஃப்ட் நிலையைப் பார்த்து முடிவு செய்தார்கள். 2-க்கு ஒரு பீச்சல், 1-க்குத் தனி பீச்சல். நேரம் எவ்வளவு கிடைக்கும்? 4200 ஆர்.பி.எம்.மில் இரண்டு சுற்றுக்கு 28.6 மில்லி செகண்ட். அதில் கால் பங்கு, 7 மில்லி செகண்ட். நம் முத்துக்குளிக்கிறவர்கள் ஒரு மூச்சில் ஒரு நிமிஷம் தாக்குப்பிடிப்பார்கள். இந்த இன்ஜினுக்கு ஒரு மூச்சுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். அந்த அவகாசத்துக்குள் முழு அளவையும் பீச்ச வேண்டும் என்பதால் இன்ஜெக்டரும் மேலே போட்ட கணக்கைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பெரியதாக வேண்டும்.

என் முடிவு இதுதான். அம்பாசடர் 1489-க்குத் த்ராட்டில் பாடி ஒன்றை மேனிஃபோல்டின் பழைய இடத்திலேயே வைத்து, எக்ஸாஸ்ட் சூட்டையும் அப்படியே விட்டுவிடுவது புத்திசாலித்தனம். இரண்டு இன்ஜெக்டர் வேலை புராஜெக்டுக்கு அருமை, கேம் சென்சார் பொருத்தவும் புரோகிராம் போடவும் பொறுமை இருந்தால் மட்டும். இசுசு 1.8 வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள்.

எந்த வழியானாலும் பெட்ரோல் லைனை மறக்காதீர்கள். கார்பரேட்டருக்கு அரை பார் அழுத்தம்கூட வேண்டாம். இன்ஜெக்‌ஷனுக்கு 3 முதல் 4 பார். டீசல் நாசில் டெஸ்டரில் 200 பார் பார்த்துப் பழகிய நமக்கு இது அற்பமாகத் தெரியும். ஆனால் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும். சாதாரண ரப்பர் ஹோஸும் ஸ்க்ரூ கிளிப்பும் கூடவே கூடாது. இன்ஜெக்‌ஷன் அழுத்தமும் எத்தனாலும் தாங்கும் ஹோஸ்தான். டேங்கில் தடுப்புத் தகடு இல்லையென்றால் திருப்பத்தில் பெட்ரோல் ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கும். ரோட்டில் ஓடும் வண்டியென்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கம்பெனி அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லியிருக்கிறது.

கடைசியாக நம் ஊருக்கென்றே ஒன்று. உப்பளக் காற்றில் சைக்கிள் செயினே ஆறு மாதத்தில் சிவந்துவிடும் ஊர் இது. கார்பரேட்டருக்குத் துரு பிடித்தால் சுரண்டிவிடலாம். சென்சார் கனெக்டரில் பச்சை பூத்தால் கம்ப்யூட்டருக்குப் பொய்த் தகவல் போகும். ரப்பர் சீல் உள்ள கனெக்டர், ஈயம் பூசிய செம்புக் கம்பி, பின்னில் கொஞ்சம் சிலிகான் கிரீஸ். எர்த் கம்பியை பெயின்ட் மேல் அல்ல, சுரண்டிய பளபளப்பில் இன்ஜின் பிளாக்கிலேயே இறுக்குங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் இக்னிஷன் காயிலின் ஒயரைக் கழட்டிவிட்டு, பம்பை மட்டும் இரண்டு நிமிஷம் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி நனையாவிட்டால் ஒயரை மாட்டிச் சாவியைத் திருப்பலாம்.